போர் குழாயைச் சுற்றிய மண்

அக்டோபர் 6, திங்கள்

மழை வரும் என்று தெரிந்தால் போதும், கனகா அக்கா கேனோடு வந்துவிடுவார். "அப்சானா, அழுக்கு டீசல் கெடக்கா? வீட்டச் சுத்தி ஊத்திவிட்டா பாம்பு அண்டாது." என் பைக் ஒர்க்ஷாப் இருக்கும் ஷெட்டும், அதன் பின்னால் உள்ள வீடும் அவருடையவை. செயின், பேரிங் எல்லாம் கழுவிக் கறுத்த டீசலில் ஐந்து லிட்டர் கொடுத்தேன். மிச்சத்தை மெக்கானிக் அசீம் ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினான். பத்து வருடமாக அங்கேதான் ஊற்றுகிறோம்.

மதியம் ஒரு சேல்ஸ்மேன். டீசல் வேண்டாமாம், தண்ணீரில் கலந்து கழுவும் மருந்து இருக்கிறதாம். "பேரிங் துருப்பிடிச்சா வண்டிக்காரன்கிட்ட நீங்களா வந்து பேச்சு வாங்குவீங்க?" என்று அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கனகா அக்காவின் போர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது. பக்கத்துக் கடையும் அவர் வாடகைக்கு விட்டதுதான். நேராக அங்கே போய், வண்டி கழுவும் வாட்டர் வாஷ் சிவராம் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "உன் சோப்புத் தண்ணிதான் எறங்கியிருக்கு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரு." அவர் "நான் இல்லக்கா" என்று எத்தனை முறை சொன்னாரோ. வாளியை நான் மோந்து பார்த்தேன். சோப்பா அது? தினமும் என் கையில் அடிக்கும் அதே வாடை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்து வேலையைப் பார்த்தேன். சீ.

அக்டோபர் 15, புதன்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

"நாம ஏன்க்கா வாயக் குடுக்கணும்? சிவராம் அண்ணே வேற எடம் பாத்துக்கிருவாரு" என்கிறான் அசீம். எனக்கு வந்ததே கோபம். அவன் மேலா, என் மேலா?

கடை திறந்த அன்று இந்தத் தெருவே சிரித்தது. பொம்பள என்னத்த வண்டி பிரிக்கப்போறா என்றார்கள். பத்து வருடம் ஒரு குறை சொல்ல விட்டதில்லை. இப்போது நானே வாயைத் திறந்தால் ஷெட்டும் போகும், பேரும் போகும். அப்பவே சொன்னோம்ல என்பார்கள். சொல்லட்டுமே! செய்யாத தப்புக்கு அந்த மனுஷன் ஏன் மூட்டை கட்டணும்?

அக்டோபர் 18, சனி

சொல்லிவிட்டேன்.

கனகா அக்காவைப் பின்னால் அழைத்துப்போய்க் கடப்பாரையால் ஒரு அடி தோண்டிக் காட்டினேன். மண் கருகருவென்று இருந்தது. "சிவராம் அண்ணே இல்லக்கா. நான்தான்."

"கூடவே இருந்துக்கிட்டு இம்புட்டு வேல பாத்திருக்க. நீ காலி பண்ணு."

பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நீங்களும்தானக்கா வருசா வருசம் வாங்கி ஊத்துறீங்க?"

"நான் ஊத்துனது ஒரு கேனு. வாசப்பக்கம். என்னயச் சொல்றியா நீ?"

"காலி பண்றேன். ஆனா இந்த மண்ண அள்ளி, உங்க வீட்டுக்குத் தண்ணிக்கு வழி பண்ணிட்டுத்தான் போவேன். அதுக்கு முன்னால யாரு சொன்னாலும் போகமாட்டேன்."

 

அக்டோபர் 24, வெள்ளி

முந்தாநாள் அதே சேல்ஸ்மேனை நானே கூப்பிட்டேன். நல்ல மனுஷன், குத்திக் காட்டவில்லை. இருபது லிட்டர் வாங்கினேன். அசீம் செயினைக் கழுவி ஈரத்தோடு தொங்கவிட்டான். காலையில் பார்த்தால் துரு. "பாத்தீங்களாக்கா!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். காற்றடித்துக் காயவைத்து உடனே ஆயில் போடச் சொன்னேன். அடுத்த செயின் பளபளவென்று இருந்தது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

மிச்சமிருக்கும் அழுக்கு டீசலையும் கழுவிய தண்ணீரையும் என்ன செய்வது? பழைய ஆயில் வாங்குகிறவர், டீசல் கலந்தால் தொடமாட்டாராம். கப்பலூர் பக்கம் இதற்கென்றே லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனி இருக்கிறது. மூடி போட்ட பீப்பாயில் சேர்த்துவைத்தால் எடுத்துக்கொள்வார்கள். மண்ணையும்.

நவம்பர் 3, திங்கள்

நல்ல மழை. தெருவில் மூன்று பேர் கேனோடு வந்தார்கள். இல்லை என்றேன். "பாம்பு வந்தா நீ பொறுப்பா?"

"கூப்பிடுங்க, வாரேன்."

கனகா அக்கா பேசுவதில்லை. நான் சொல்லிவைத்த லாரித் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்கிறார். சிவராம் அண்ணன் கடை இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

கடை விடுமுறை. நானும் அசீமும் காலையிலிருந்து மண் வெட்டிச் சாக்கில் கட்டினோம். சிவராம் அண்ணனும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார். பத்தொன்பது மூட்டை. ஷெட்டுக்குப் பின்னால் வெள்ளை மண் தெரிய ஆரம்பித்தது. போதும் என்று கையைக் கழுவப் போனோம்.

கனகா அக்கா வீட்டிலிருந்து இறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. போர் குழாயடியில் போய்க் குனிந்து, கையாலேயே புல்லை விலக்கினார்.

"இங்கயும் வெட்டு அப்சானா. வருசா வருசம் நான் இங்கதான் ஊத்துனேன்."