சில்லு குறையும் நேரம்

ஏப்ரல் 3

மழை. துணி மூன்று நாளாய்க் காயவில்லை. சமையலறையில் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன், மருமகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குனிந்து குனிந்து போகிறாள்.

மதியம் போனில் வேகப் போட்டி ஆடினேன். போக்கர் சீட்டாட்டம். பாதியிலேயே வெளியே. ‘அன்னாசி ரொட்டி’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடுகிறானே, அவன்தான். ஏஸும் நாலும் வைத்துக்கொண்டு என் பந்தயச் சில்லு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனான். ஏஸும் நாலுமாம்! விளக்குத் திருவிழா அன்றைக்கும் இவன்தான் என்னைக் கவிழ்த்தான், அப்போது ஜோடி ஐந்து. மறப்பேனா?

ஏப்ரல் 5

மாமனார், மாமியார், அவர் மூவரும் இருக்கும் கல்லறையைக் கழுவப் போனோம். புல் முழங்கால் உயரம். நான் வெட்டினேன். என் நாத்தனார் சியோக்கிம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று போனைப் பார்த்தாள்.

அவளும் அதே விளையாட்டுதான். கீலுங்கில் நாலு பேராய்க் கட்டை அடுக்கி ஆடிய எங்கள் மாஜாங் மேசை கலைந்தபின் இரண்டு பேருமே போனுக்கு வந்துவிட்டோம். நாலாவது ஆள் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டாள், மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த மாதம் ஞாயிறுதோறும் தகுதிப் போட்டி. ஒவ்வொன்றிலும் கடைசி ஐந்து பேருக்குத் தைப்பேயில் நடக்கும் பெரிய போட்டியில் இடம். அங்கே நிஜ மேசை, நிஜச் சில்லு. எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஊதுவத்தி அணைவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணி, சும்மா ஏன் கஷ்டப்படறீங்க? இது மாஜாங் இல்ல. நாலு சில்லு கொறஞ்சாலே உங்க மூஞ்சி நண்டு வெந்த மாதிரி ஆயிடுது.”

“நீ போயிட்டியா தைப்பேக்கு?”

“போவேன். போய் உங்களுக்குப் படம் அனுப்பறேன்.”

அவர் கல்லறை முன்னால் நின்றுகொண்டு சொல்கிறாள்! என் கல்யாணத்தன்றும் இப்படித்தான். என் பெயர் பொங்சி. ‘பிறந்துவிட்டது, சரி, வளர்ப்போம்’ என்று பொருள். மூன்றாவதும் பெண் என்று அப்பா வைத்த பெயர். சியோக்கிம் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, வாயில் இறால் உருண்டையை வைத்துக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “அவங்க வீட்டுலயே வேண்டாம்னு இருந்ததைத்தான் அண்ணன் கட்டிட்டு வந்திருக்காரு.” எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

ஏப்ரல் 6

முதல் ஞாயிறு. போச்சு.

ஏப்ரல் 9

ஏன் இப்படி ஆகிறது? மூங்கில் குருத்து உரித்துக்கொண்டே யோசித்தேன்.

மாஜாங்கில் நான் போடும் கட்டையால் எதிராளி ஜெயித்தால் தண்டம் முழுக்க என் தலையில். அதனால் நாற்பது வருஷமாய்ப் பழகியது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் பூட்டிக்கொள், ஆபத்தில்லாத கட்டையாகப் பார்த்துப் போடு. நம் கை கெட்டாலும் பரவாயில்லை.

இங்கே அதையே செய்கிறேன். சீட்டைக் கீழே போட்டு விலகு, விலகு, விலகு. ஆனால் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கும் தண்டம் உண்டு. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் கட்டியாக வேண்டும். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் பந்தயத் தொகை ஏறிவிடுகிறது. பூட்டிய வீட்டைக் கரையான் தின்கிற கதை. சில்லு தேய்ந்துபோனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அப்போது பார்த்து எல்லாவற்றையும் தூக்கி எறிகிறேன்.

பயத்தில் பாதி, கோபத்தில் மீதி. விளையாட்டு எங்கே?

ஏப்ரல் 13

இரண்டாவது ஞாயிறும் போச்சு. போனை நாற்காலியில் அடித்தேன், கண்ணாடி கீறிவிட்டது. மருமகள் பெய்ஜுன் ஓடிவந்தாள்.

“அத்தை, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டிட்டுப் போறார். யாரையோ ‘நாசமாப் போ’ன்னு கத்தினீங்களாமே?”

“அன்னாசி ரொட்டியைத்தான்.”

“அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பேக்கரி வச்சிருக்காரு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மட்டும் சிரித்தாள். கெஞ்சிக் கேட்டபின் போனை வாங்கி, கீறல்மேல் பிளாஸ்திரி மாதிரி ஒன்று ஒட்டிக் கொடுத்தாள். வலது மூலையில் இப்போது எண் சரியாகத் தெரிவதில்லை.

ஏப்ரல் 16

தூக்கிவாரிப் போட்டது இன்று.

யார் யார் என்னைக் கவிழ்த்தார்கள் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. அன்னாசி ரொட்டி, ஏஸ் நாலு. ‘துறைமுகத்துப் பூனை’, ஜோடி ஒன்பது. ‘மூன்றாம் மாமா’, ராணியும் பத்தும். அவர்கள் கையில் இருந்த சீட்டு ஒவ்வொன்றும் சின்னம் முதற்கொண்டு ஞாபகம் இருக்கிறது.

என் கையில் என்ன இருந்தது?

தெரியவில்லை. ஒரு தடவைகூடத் தெரியவில்லை! கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். அவர்கள் பெயர் மட்டும்தான் வருகிறது. அப்படியானால் என் சீட்டை நான் பார்க்கவே இல்லை. ஆளைப் பார்த்துத்தான் சில்லு முழுவதையும் தள்ளியிருக்கிறேன். ‘இவனா? வாடா, உன்னை விட்டேனா பார்’ என்று — சே.

ஏப்ரல் 18

புதுப் பழக்கம். சில்லு குறைந்ததும் பொத்தானைத் தொடுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்கிறேன்: கையில் என்ன? இன்னும் எத்தனை சுற்று தாங்கும்? எனக்குப் பின்னால் யார் பாக்கி? நல்ல சீட்டு வந்து எனக்கு முன்னால் ஒருவரும் தள்ளாவிட்டால் நானே முந்தித் தள்ளிவிடுவது. இல்லையென்றால் பேசாமல் விலகுவது. திட்டக் கூடாது.

திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

பெய்ஜுன் அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அத்தை புதுசா ஏதோ மந்திரம் சொல்றாங்க. வீடு அமைதியா இருக்கு, எந்தச் சாமியா இருந்தா என்ன?”

ஏப்ரல் 20

எட்டாவது இடத்தில் வெளியேறினேன். ஐந்துக்குள் வரவில்லை. ஆனால் என் கையில் ஏஸும் ராணியும் இருந்தன. ஞாபகம் இருக்கிறது. சரியாகத்தான் தள்ளினேன், எதிராளிக்கு அதிர்ஷ்டம்.

சரியாக ஆடித் தோற்றால் இன்னும் எரிகிறது. முன்பு திட்டவாவது வழி இருந்தது.

சியோக்கிம் ஏழாவது. குறுஞ்செய்தி அனுப்பினாள்: “ஒரு இடம் முன்னால, அண்ணி!”

ஏப்ரல் 27

கடைசி ஞாயிறு. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரும்பாலும் குறைந்த சில்லோடுதான் ஓட்டினேன். மூன்று தடவை தள்ளினேன், இரண்டு தடவை எல்லாரும் விலகினார்கள், ஒரு தடவை ஜெயித்தேன். இப்படியே ஆறு பேரில் ஒருத்தியாக நின்றேன். ஐந்து பேருக்கு இடம். முதலாவதாக வந்தாலும் ஐந்தாவதாக வந்தாலும் ஒரே நாற்காலிதான்.

அன்னாசி ரொட்டியிடம் ஒரே ஒரு சில்லு. அடுத்த ஆட்டத்தில் கட்டாயப் பந்தயம் அவன் முறை. அந்தச் சில்லும் தானாகப் போய்விடும்.

அப்போது ‘கீலுங் ராணி’ தன்னிடமிருந்த எல்லாவற்றையும் தள்ளினாள். கீலுங் ராணி என்றால் சியோக்கிம். என்னைவிடக் கொஞ்சம்தான் கூட வைத்திருந்தாள்.

என் சீட்டைப் பார்த்தேன். ராஜா. இன்னொரு ராஜா.

கடவுளே! மோதி ஜெயித்தால் அவளிடம் மூக்குப்பொடி அளவுதான் மிஞ்சும். தைப்பேயும் சந்தேகம்தான், படமும் சந்தேகம்தான். மஞ்சள் கவுன், இறால் உருண்டை, எல்லாருடைய சிரிப்பும் — இத்தனை வருஷம் கழித்து என் விரல் நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. திரையில் நேரம் காட்டும் கோடு தேய்ந்துகொண்டே போகிறது.

வாய்விட்டுச் சொன்னேன். கையில் என்ன? இரண்டு ராஜா. எத்தனை சுற்று தாங்கும்? இரண்டு தாங்கும். அன்னாசி ரொட்டிக்கு? அடுத்த ஆட்டத்தோடு சரி. மோதித் தோற்றால் நான் ஆறாவது, என் நாற்காலியில் அவன் உட்காருவான். எதற்கு? எவளுக்காக?

விலகினேன்.

இரண்டு ராஜாவை யாராவது கீழே போடுவார்களா?

அடுத்த ஆட்டத்தில் அன்னாசி ரொட்டியின் கடைசிச் சில்லு போனது. திரையில் பட்டாசு வெடித்தது. ஐந்து பெயர்களில் என் பெயர் நாலாவது, பொங்சி. அதற்கு நேர் மேலே அவள்.

ஏப்ரல் 28

காலையில் சியோக்கிம் போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அண்ணி, பாத்தீங்களா நேத்து? நான் தள்ளினதும் ஒருத்தருக்காவது மூச்சு வந்துச்சா? கையில என்ன வச்சிருந்தேன் தெரியுமா? ஏழும் ரெண்டும்! குப்பை! அதை வச்சுக்கிட்டே உங்க எல்லாரையும் ஓட வச்சேன்!”

ஏழும் இரண்டும்.

என் இரண்டு ராஜாவும் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டன. தேநீர்க் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டேன். சூடு. விழுங்கினேன்.

“நல்லா ஆடினே,” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணி... உடம்பு கிடம்பு சரியில்லையா? பெய்ஜுனைக் கூப்பிடவா?” என்றாள்.

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். தைப்பேக்கு எந்த ரயில் என்று பேசி முடித்தோம். ஜன்னல் பக்க இருக்கை எனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சரி என்றாள்.