மூன்றாவது மாடிச் சத்தம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வருகிறது, அந்த ஒற்றை எழுத்தை வைத்து நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, அழுதாயா என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, அதனால் இந்த முறை தாளில் கேட்கிறேன், தாளிலேயே பதில் வேண்டும். கூடவே உன் பழைய காலுறையில் சுற்றி ஒரு சின்னப் பொருளும் வருகிறது. கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். இந்நேரம் பிரித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா, சரி, கையில் வைத்துக்கொண்டே படி.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து வீடு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. வெப்ப இயக்கவியல் தாள் இரண்டாவது தடவையும் போய்விட்டது, இரண்டு வருஷம் ஆனது போதும், இந்த மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி எனக்கு ஒத்துவராது, விலகல் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் சரி என்றால் கொடுத்துவிடுகிறேன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாய். வைப்பதற்கு முன்னால் இன்னொரு வார்த்தையும் சொன்னாய், அதற்குப் பிறகு வருகிறேன். மனசு சரியில்லை என்றால் அப்பா வாயைத் திறக்க மாட்டார், எண்ணெய்க் குப்பியைத்தான் திறப்பார். பஸ் ஓட்டி முடித்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வீட்டிலுள்ள எல்லாக் கதவுக் கீல்களுக்கும், ஜன்னல் கொண்டிகளுக்கும், என் தையல் பெட்டி மூடிக்கும்கூட எண்ணெய் விட்டாயிற்று. இப்போது எந்தக் கதவும் சத்தம் போடுவதில்லை, தம்பி திடீரென்று பின்னால் வந்து நிற்கிறான், எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கீழ் வீட்டு அத்தைக்கு விஷயம் எப்படிப் போனதோ தெரியாது, அதாவது தெரியும், தம்பிதான், மறுநாளே படியேறி வந்து, விட்டா விடட்டும் அண்ணி, என் ஜெராக்ஸ் கடையில வந்து உக்காரட்டும், பிள்ளை எதுக்குக் கஷ்டப்படணும் என்றாள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் கடை மிஷினில் நாளுக்கு நாலு தடவை தாள் மாட்டிக்கொள்கிறது என்பதையும் நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். போகிற போக்கில், பின்னால டெக்னாலஜின்னு ஒட்டியிருக்கே, அது இன்ஜினியரிங்கைவிடக் கூடவா குறைவா என்று வேறு கேட்டாள். இரண்டு வருஷமாக உன்னைப் படிக்கவைக்கிற எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை. பேர் நீளமா இருக்கே, கூடத்தான் இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி லிஃப்ட் கதை. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து கீழே லிஃப்டில் ஏறினேன், கூடவே நம் கட்டடத்துச் செகரட்டரியும் ஏறினார், கையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற தாள்கள், வழக்கம்போல யாரோ குப்பையை எங்கேயோ வைத்த விவகாரம். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஏதோ உரசியது, ஒரு உலுக்கல், அப்படியே நின்றுவிட்டது. மனிதர் ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி எல்லாப் பொத்தான்களையும் ஒரு சுற்று அமுக்கிப் பார்த்தார். மணி அடித்து, யாரோ கேட்டு, லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து சேர முக்கால் மணி நேரம். அதற்குள் குப்பை விவகாரம் பேசித் தீர்ந்து, அவர் மனைவிக்கு என் கடையில் போட்ட ஃபிரேம் காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்ற புகாரும் வந்துவிட்டது. என் பையில் சின்னத் திருப்புளி இருந்தது, காதுதான் வீட்டில் இருந்தது. அப்புறம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிளந்தார், நாலாவது மாடித் தரை நெஞ்சு உயரத்தில் தெரிந்தது, தொத்தி ஏறிடலாம் மேடம் என்று காலைத் தூக்கினார். சரியாக அந்த நேரம் மேலேயிருந்து ஒரு குரல், சார் ஏறாதீங்க, உள்ளேயே இருங்க, நின்ன லிஃப்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பாதியில இறங்கப் பாக்கிறவங்களுக்குத்தான் அடிபடும் என்று. செகரட்டரி தூக்கிய காலோடு நின்றார். இதை நான் லிஃப்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ வேறு எதையாவது பற்றி எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு அந்த லிஃப்ட் கம்பெனி ஆள் மூன்றாவது மாடியில் வேலையை ஆரம்பித்தார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு கதவின் மேல்சட்டத்துக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தார், வெளியிலிருந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். குறுக்கே ஒரு தடுப்பு வைத்திருந்தார், நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் டீயோடு போய் நின்றேன். கை மாட்டியிருக்கிற மனிதர் எங்கே ஓட முடியும், அந்த இரண்டு கால்களையும் நன்றாகப் பேட்டி எடுத்தேன். என்ன படிச்சீங்க தம்பி என்றேன். சொன்ன பேர் உன் படிப்பின் பேர், ஒரு எழுத்து மாறவில்லை, பல்கலைக்கழகம்தான் வேறு. விடுவேனா, வெப்ப இயக்கவியல் தாள் எத்தனை தடவை எழுதினீங்க என்று கேட்டேன். மூணு தடவைங்க மேடம் என்று சொல்வார், அதை அப்படியே உனக்கு எழுதலாம் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தேன். ஒரே தடவைதான், நல்ல மார்க் என்றார். நல்ல காரியத்துக்கு உதவாத ஆள். ஆனால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்தத் தாளில் மூன்று முறை போனவராம், அவர் இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொதிகலன்களையும் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற மிஷின்களையும் பார்த்துக்கொள்கிறாராம். நாள் முழுக்க நீராவியோடதான் மேடம் குடித்தனம், இப்ப கேட்டா எங்க வாத்தியாருக்கே பாடம் எடுப்பான் என்று கால்கள் சிரித்தன. பரீட்சை ஹாலில் புரியாதது கொதிகலன் பக்கத்தில் நின்றதும் புரிந்ததாம். அவர் வகுப்பில் ஒரு பெண் கப்பலில் என்ஜின் அறையில் இருக்கிறாளாம், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரிலேயே, அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இன்னொருவருக்குச் சக்கர நாற்காலிகளைச் சோதனைக்கூடத்தில் ஆயிரக்கணக்கான தடவை தூக்கிப் போட்டு எங்கே உடைகிறது என்று எழுதி வைக்கிற உத்தியோகம். தம்பி சின்ன வயதில் சம்பளமில்லாமல் செய்ததைச் செய்வதற்குப் படிப்பு வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். பொட்டலம் கட்டும் மிஷின்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைகிறவர் உண்டு, பம்பு விற்கப்போய் ஊர் ஊராகப் பேசுகிறவர் உண்டு, திரும்பிப் போய்ப் பட்டறையில் பாடம் நடத்துகிறவரும் உண்டாம். அத்தையின் கேள்வியையும் கேட்டுவிட்டேன். இன்ஜினியரிங் மட்டும் படிக்கிறவங்களுக்குக் கணக்கும் கோட்பாடும் அதிகம், புதுசா உருவாக்குறதுல அதிகம் இருப்பாங்க, எங்களுக்கு லேபும் பட்டறையும் அதிகம், உருவாக்கினதைச் செய்யறது, சோதிக்கிறது, ஓடவைக்கிறது, வேலைக்குப் போனா ரெண்டு பேரும் ஒரே மேஜைதான் மேடம், சில வேலைக்கு மட்டும் அந்தப் பட்டம்தான் வேணும்பாங்க, அதை முன்னாடியே விசாரிச்சுக்கணும் என்றார். கூடவும் இல்லை குறைவும் இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். அவளுக்கு ஏமாற்றம்தான்.

இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது போதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வேலை முடிகிற நேரத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைக் கழற்றித் தடுப்புக்கு மேலே நீட்டினார். ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. கதவு இதுல தொங்கித்தான் ஓடுது, இது தேஞ்சு கதவு இறங்கியிருக்கு, தாண்டிப் போற பெட்டி கதவுப் பூட்டுல உரசியிருக்கு, கதவு திறந்திருக்குன்னு நினைச்சு லிஃப்ட் தானா நின்னுடுச்சு, மாசக்கணக்கா சத்தம் வந்திருக்குமே, இங்க யார் காதுலயும் விழலையா என்று கேட்டார். செகரட்டரி தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன்னால் விடுமுறைக்கு நீ வந்திருந்த பத்து நாளும் மூன்றாவது மாடியில் கதவு மூடும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டாய், அம்மா கதவுக்கு மேல ஒரு ரோலர் தேஞ்சிருக்கு, இப்படியே விட்டா ஒருநாள் மூணாவது மாடியில நிக்கும், செகரட்டரிகிட்ட சொல்லுங்க என்றாய். நான் சொன்னேன், அது உண்மை. எத்தனாவது வருஷம் படிக்கிறா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ரெண்டாவது என்றேன், நானும் கூடச் சிரித்தேன், ரெண்டு புத்தகம் படிச்சதும் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறா சார், சின்னப் பொண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க என்று உனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அதோடு விட்டேனா, நீ ஊருக்குப் போய் இரண்டு தடவை போனில் விசாரித்தாய், பேச்சு முடியட்டும் என்று, ஆள் வந்து பாத்தாச்சும்மா, ஒண்ணுமில்லையாம் என்று சொன்னேன். யாரும் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை, நான் சொன்னது பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைக்கும் முன்னால் சொன்ன வார்த்தை, ஒரு லிஃப்ட் சத்தத்தைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியலை, எனக்கு எதுக்கும்மா மிஷின் படிப்பு. அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தேய்ந்த சக்கரத்தைக் கையில் வாங்கின பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது, கண்ணு. செகரட்டரியை வைத்துக்கொண்டே லிஃப்ட் ஆளிடம் சொன்னேன், என் பொண்ணு காதுல விழுந்துச்சு, ரோலர்னே சொன்னா, நாங்கதான் கேக்கலை என்று. திறந்து பாக்காம சத்தத்தை வெச்சேவா என்றார். ஆமாம் என்றேன். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு மேடம் எனக்கு அது பிடிபட என்றார்.

செகரட்டரி இப்போது ஆளே மாறிவிட்டார். படியில் பார்த்தால் பொண்ணு எப்ப வருது என்கிறார், தண்ணீர் மோட்டார் முனகுகிறதாம், வாசல் கேட் இழுக்கிறதாம், உனக்காகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். அப்பா, இந்தக் காது என் வம்சத்துக் காது, இருபது வருஷமா என்ஜின் சத்தம் கேட்ட காது என்று மார்தட்டுகிறார். தினமும் அதே லிஃப்டில் ஏறி இறங்கிய காது அன்றெல்லாம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. நானும் நேற்று மூன்றாவது மாடி லிஃப்ட் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன மேடம் என்றார், அதுதான் மிச்சம். படிவத்தைப் பற்றி அப்பாவும் நானும் பேசினோம். உனக்கு அந்தப் படிப்பு நிஜமாகவே பிடிக்கவில்லை என்றால் கொடுத்துவிட்டு வா, உன் அறையைத் தம்பி பிடித்துக்கொண்டான், அவனைக் கிளப்புவது என் பொறுப்பு, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பிடித்திருக்கிறது, பரீட்சைதான் பயம் என்றால் மூன்றாவது தடவையும் எழுது, அதற்கும் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பாவை ஒரு வரி எழுதச் சொன்னேன், பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றுவிட்டு, எண்ணெய்க் கையால் தாளின் ஓரத்தைக் கறையாக்கிவிட்டுப் போய்விட்டார். அதுதான் அவருடைய வரி.

நேரத்துக்குச் சாப்பிடு, பட்டறையில் முடியை இறுக்கிக் கட்டிக்கொள், ஈரத் தலையோடு படுக்காதே. நீ தொட்டதெல்லாம் நன்றாக ஓடட்டும், நீயும் நன்றாக இரு. காலுறையில் இருப்பது அந்தச் சக்கரம்தான், கேட்டு வாங்கினேன், மேஜையில் வைத்துக்கொள். மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும் அல்லவா, ஒருவேளை கொடுப்பதாக இருந்தால் அதில் என்ன வேண்டுமானாலும் எழுது, உனக்கு வராது என்று மட்டும் எழுதாதே. அது நான் சொன்ன பொய், அதில் நீ கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆறு மாதம் தாமதமாக உன்னை நம்பிய,
உன் அம்மா