வேள்விக் கடாவும் மல்லாகம் கோடும்

சண்டிலிப்பாய்,
ஆவணி 1967.

அன்பு மகன் தியாகலிங்கம் அறிய அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, கடா மூவரும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் உனக்குப் பழைய நெஞ்சு வருத்தம் திரும்பாமல் இருக்க, கீரிமலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனையைத் திறந்தேன்.

கடாவை ஏன் குடும்பத்தோடு சேர்த்தேன் என்று சிரிப்பாய். பொறு, காரணம் இருக்கிறது. லண்டனிலும் எங்கள் ஊராட்கள் இருக்கிறார்கள். ஆகவே, உன் கொப்பர் கஞ்சாவோடு பிடிபட்டு, வழக்காகி, மல்லாகம் கோட்டில் நீதவானுக்கு முன்னால் கூண்டில் ஏறினார் என்ற செய்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே உனக்கு வந்திருக்கும். தம்பி, செய்தி உண்மை. கஞ்சாவும் உண்மை, கூண்டும் உண்மை. மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினேனா இல்லையா என்பதை மட்டும் முதலில் சொல்ல மாட்டேன். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிறவன் நீ. முடிவைச் சொன்னால் மிச்சத்தை வாசிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

நீ அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று உன் சிநேகிதன் எழுதின நாளில், அம்மா கிணற்றடியில் முழுகி, ஈரச் சீலையோடு எங்கள் வைரவர் கோயிலுக்குப் போனாள். பிள்ளை எழும்பி நடந்தால் வைகாசி வேள்விக்கு ஒரு கடா வெட்டுவது என்று நேர்ந்துகொண்டு வந்தாள். நீ எழும்பி நடந்தாய். நான் சுன்னாகம் சந்தையில் ஒரு கடாக்குட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் கோயில் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. யாருக்காக நேர்ந்ததோ அவர்தான் கயிற்றைப் பிடித்துக் கடாவைக் கூட்டிப்போக வேண்டும். போன வருஷ வேள்விக்கு நீ வரவில்லை. இந்த வருஷ வைகாசிக்குக் கட்டாயம் வருவேன் என்று எழுதினாய். அம்மா அதை நம்பிக் கடாவுக்கு ஊறவைத்த கடலையும் தவிட்டுக் களியும் ஊட்டினாள். எனக்கு ஊட்டியிருந்தால் நானும் கொம்பு வைத்திருப்பேன்.

மாசி மாதம் கடா சாப்பாட்டை விட்டுவிட்டது. கிளுவையும் வேண்டாம், பூவரசும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நேர்ந்த கடா மெலிந்தால், யாருக்காக நேர்ந்ததோ அவருக்கு ஆகாது என்று அம்மாவின் எண்ணம். அதுவும் அந்த நேரத்தில் உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. கடா சாப்பிடாததால் அவளும் சாப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு குற்றவாளி மாதிரி இருந்தேன்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் ஏரம்பு மாமா ஒரு கட்டுப் பச்சிலைக் குழை கொண்டுவந்தான். அவன் தகப்பன் மாட்டு வைத்தியம் செய்தவர் என்பது உனக்குத் தெரியும். பசி செத்த மாட்டுக்கு அப்பு இதைத்தான் வைக்கிறவர், வன்னியில் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தேன் என்றான். நானும் ஏது என்ன என்று கேட்கவில்லை. கிளுவைக் குழையோடு சேர்த்துக் கட்டி, ஆட்டுக் கொட்டிலின் வளையில், ஒழுங்கையால் போகிற எல்லோருக்கும் தெரிய, தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஆட்டுக்குக் குழையைத் தொங்கத்தானே விட வேண்டும், நிலத்தில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாதே.

மருந்து வேலை செய்தது. கடா முதலில் ஒரு நித்திரை கொண்டது. எழும்பினதும் குழையைத் தின்றது, கயிற்றில் பாதியைத் தின்றது, கொடியில் காய்ந்த என் புதுச் சால்வையைத் தின்றது, பிறகு என்னைப் பார்த்தது. அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் ஒரு வேலிச் சண்டையை விசாரிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். சைக்கிளை எங்கள் படலையில் சாத்தினவர், கொட்டிலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு இது என்ன என்று கேட்டார். நான் கடாவின் அழகில்தான் மனிதர் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். உன் அப்பாவின் புத்தி சொன்னது, வீடு தேடி வந்தவரை உபசரி என்று. "மருந்துக் குழை ஐயா. உங்கடை வீட்டிலையும் ஆடு நிண்டால் ரெண்டு கொப்பு கொண்டு போங்கோ" என்றேன். கையால் முறித்தும் கொடுத்தேன்.

அவர் வாங்கினார். வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பொலிசில் அது கஞ்சா என்று சொன்னபோது பகிடி விடுகிறார்கள் என்று சிரித்தேன். சிரித்தது நான் ஒருவன்தான். யார் தந்தது என்று கேட்டார்கள். அப்போது வாசலில் ஏரம்பு மூச்சிரைக்க ஓடி வந்து நிற்பதைக் கண்டேன். வாயைத் திறக்கப் போனான். நான் கண்ணை உருட்டினேன். நாற்பது வருஷச் சிநேகிதம், கண் உருட்டினால் விளங்கும். வாயை மூடிக்கொண்டான். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் விடாய்க்கிறது என்று சொன்னேன். தண்ணீர் தந்தார்கள். நல்ல மனிதர்கள்தான்.

பிணையில் வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசப் பிரக்கிராசியார் அடைக்கலநாதனைப் பிடித்தோம். மெல்லிய மனிதர், கதைக்கிறதும் மெல்ல. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கு இரண்டு வழியால் போகலாம் என்றார். ஒன்று, தந்தவரின் பெயரைச் சொல்வது. சொன்னால் நான் சாட்சி, வீட்டுக்கு வரலாம். ஆனால் வைத்திருந்தவனைவிடக் கொடுத்தவனுக்குத் தண்டனை கூட. மற்றது, கையில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது என்று காட்டுவது. அது பிடிபடாவிட்டால் மறியல்தான். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

ஏரம்புவைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. பெண்சாதியும் போய், மகள் பராசக்தியை ஒரு கரையேற்ற வேண்டுமென்று தனியே கிடந்து புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கிறவன். அவன் மறியலுக்குப் போனால் அந்தப் பிள்ளை யாரோடு இருக்கும்? ஆனாலும் தம்பி, பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் மறியலுக்குப் பயம்தான். அங்கே சுருட்டுப் பிடிக்க விட மாட்டார்களாம். வீட்டுக்கு வந்து இரண்டு வழியையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"பேரைச் சொல்லிப்போட்டு இந்தப் படலையைத் திறக்காதேங்கோ. கீரிமலைக் கேணிக்குள்ளை இருந்து என்ரை பிள்ளையைத் தூக்கினது அந்தக் கை" என்றாள்.

உனக்கு அது ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ அப்போது சிறு பிள்ளை. ஆடி அமாவாசைக்குப் போயிருந்தோம். நான் கரையில் நின்று ஆருடனோ வெங்காய விலை கதைத்துக்கொண்டிருக்க, நீ பாசியில் வழுக்கிப் போய்விட்டாய். நான் திரும்பிப் பார்க்க முன்னமே ஏரம்பு வேட்டி சால்வையோடு குதித்துவிட்டான். தண்ணீர் சொட்டச் சொட்ட உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்ததும், நீ அழாமல் பக்கத்துக் கடலையும் கேணியையும் காட்டி "அது ஏன் உப்பு, இது ஏன் நல்ல தண்ணி?" என்று கேட்டதும் இப்போதும் என் கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் நிற்கின்றன. அன்றைக்கு அவனுக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வழி முழுக்க ஆளுக்கொரு பொய்க் காரணம் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டு வண்டிலில் வந்தோம். அந்த வண்டிலில் ஏரம்புவின் சால்வை கொடியாகப் பறந்து காய்ந்தது.

ஆகவே இரண்டாம் வழிதான் என்று பிரக்கிராசியாரிடம் சொன்னேன். அவர் ஒரு கட்டளை போட்டார். வழக்கு முடியும்வரை கடா உயிரோடு நிற்க வேண்டும், அது எங்கள் பக்கத்துச் சாட்சி என்றார். அதனால் வைகாசி வேள்வியும் கடாவைத் தொடாமல் போனது. உன்னிடமிருந்தும் வர வசதிப்படவில்லை என்று கடிதம் வந்தது.

தவணைக்குத் தவணை மல்லாகத்துக்குப் போனோம். எப்படிப் போனோம் என்று நினைக்கிறாய்? ஏரம்பு சைக்கிள் மிதிக்க, நான் பின் கரியரில். குழை தந்தவன் மிதிக்கிறான், குழையோடு பிடிபட்டவன் பின்னால் இருக்கிறான். இளந்தாரி வயதில் கூத்துப் பார்க்க இப்படித்தான் ஊர் ஊராகப் போனோம், அப்போது நான் மிதிப்பேன். நீ லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்றும் உன் பெட்டி இந்தக் கரியரில்தான் சுன்னாகம் ஸ்டேசனுக்குப் போனது. ஏரம்பு தள்ளிக்கொண்டு போக, நீ பெட்டியில் ஒரு கையை வைத்தபடி நடந்தாய். நான் பின்னால் வந்தேன். உன் கழுத்துப் பட்டி உள்பக்கம் வெளியே தெரியப் பிறத்தியாகக் கட்டியிருந்தது. சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, கோச்சி வெளிக்கிட்ட பிறகுதான் சொன்னேன்.

வழக்கை விசாரிக்கிற விளக்க நாள் வந்தது. பிரக்கிராசியார் பொலிஸ்காரரை எழுப்பி மூன்று விஷயம்தான் கேட்டார். குழை எங்கே இருந்தது? ஒழுங்கைப் பக்கம் தொங்கினது. எதிரி, அதுதான் நான், ஓடினாரா, ஒளித்தாரா? இல்லை. எதிரி என்ன சொன்னார்? அந்த மனிதர் நேர்மையானவர். நான் சொன்னதைச் சொன்னபடி சொன்னார், கொப்பு முறித்துக் கொடுத்ததும் சேர்த்து. அதை இங்கிலீசில் சொன்ன மொழிபெயர்ப்பாளரின் மீசை சிரிப்பை அடக்கித் துடித்தது. என் கதை இங்கிலீசில் வந்தபோது படித்தவன் கதைத்த மாதிரியே இருந்தது.

பிறகு நான் சாட்சிக் கூட்டில் ஏறினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நீதவான் தானே பேனையை வைத்துவிட்டு, இந்தக் குழையை உமக்குத் தந்தது யார் என்று கேட்டார்.

பின் வாங்கில் இருந்த ஏரம்பு எழும்பினான். சால்வையைத் தோளில் இருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பினான். பெரிய காரியம் ஒன்று செய்யப் போகிறான் என்றால் அவன் அப்படித்தான் கட்டுவான். கீரிமலையில் மட்டும்தான் அதற்கு நேரம் எடுக்காதவன். அவன் வாயைத் திறக்க முன்னம் நான் திறந்தேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல், சந்தையில் கூவுகிற சத்தத்தில் சொன்னேன்.

"ஐயா, நான் எட்டாம் வகுப்போடை நிண்டவன். நல்லது எண்டு ஆர் எதைச் சொன்னாலும் கட்டித் தூக்கிவிடுவன். உந்தக் கடா என்ரை புதுச் சால்வையைத் திண்டுது. அதையும் நான் நல்ல சகுனம் எண்டுதான் பெண்சாதிக்குச் சொன்னனான். அவ இண்டைக்கும் அதுக்கு ஏசுறா."

கோடு முழுக்கச் சிரிப்பு. பொலிஸ்காரரும் சிரித்தார். கோட்டுச் சேவகர், சத்தம் போடாமல் எல்லோரும் இருங்கோ என்று அதட்டினார். நின்ற ஏரம்புவின் தோளைப் பிடித்து அவனையும் இருத்தினார். நீதவான் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. மறந்தாரா, விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் எழுதினார். பொலிசுக்கே பங்கு கொடுக்கிறவனுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரிந்திருக்க முடியாது என்று சொல்லி என்னை விடுதலை செய்தார். கடாவுக்கு இனி வேறு சாப்பாடு பார்க்கும்படியும் சொன்னார். ஊரில் இப்போது என்னைப் படலையில் கண்டால், இரண்டு கொப்பு இருக்குமோ என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

திரும்பி வரும்போது ஏரம்பு பாதி வழி மூச்சைப் பிடித்து மிதித்தான். பிறகு சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, "நான் சொல்லத்தானே எழும்பினனான், நீ ஏன்ரா பகிடி விட்டனீ?" என்று கேட்டான்.

"நீ எழும்பினபடியால்தான்" என்றேன்.

மிச்ச வழிக்கு நான் மிதித்தேன். அவன் கரியரில் இருந்தான். அவன் முகம் பட்ட இடத்தில் என் முதுகு நனைந்தது. வெயிலுக்கு வேர்த்தது என்று சொல்லிக்கொள்வோம்.

இவ்வளவும் என் கதை. இனி உன் கதை. போன கடிதத்தோடு நீ அனுப்பின படத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். உடம்பு தேறியிருக்கிறாய். உனக்கு மேலே ஒரு குடை விரிந்திருக்கிறது. உன் இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருக்கின்றன. படத்தின் ஓரத்தில் குடைப்பிடியைப் பிடித்திருக்கிற விரல்கள் தெரிகின்றன, மெல்லிய விரல்கள். அம்மா முதலில் கண்டாள், எனக்குச் சொல்லவில்லை. நான் பிறகு கண்டேன், அவளுக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் படத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை மழையில் நனைய விடாமல் பார்க்க அங்கேயும் ஆள் இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

வைகாசி இரண்டு முறையும் நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கோட்டில் பேர் சொல்லாதவன் வீட்டில் பேர் கேட்க மாட்டான். கடா நிற்கிறது. ஏரம்பு காலையில் பூவரசங் குழை கொண்டுவந்து, ஒவ்வொரு இலையாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறான். பாதி தின்றுபோன கயிற்றுக்குப் பதிலாக அம்மா புதுக் கயிறு திரித்திருக்கிறாள். ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க நீளம் காணுமோ என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

ஆகவே தம்பி, வருகிற வைகாசிக்கு வா. உன்னோடு வருகிற ஆள் கடா வெட்டுவதைப் பார்க்கப் பயந்தால் யோசிக்காதே. வைரவரோடு நான் கதைத்துக்கொள்கிறேன். மல்லாகம் கோட்டில் கதைத்தவனுக்கு அது பெரிய காரியமில்லை.

குடை பிடிக்கிற கைக்கும் சேர்த்து எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் வரவை நினைத்திருக்கும் அப்பா,
ஏ. ஆழ்வாப்பிள்ளை.