வேலியில் மூன்று பலகை

மார்கழி 9, புதன்
விடியலிலிருந்து மழை. கோலம் கரைந்துவிட்டது. சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ மட்டும் வாசலில் அப்படியே. பூ வாடியதும் உருண்டையை வறட்டியாகத் தட்டித் தொழுவத்துக்குள் அடுக்கினேன். இன்றோடு ஒன்பது. காணும் பொங்கலன்று எல்லாவற்றையும் கடலில் விடவேண்டும். எனக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கடல். வயதுக்கு வந்து பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

ஆனால் கடலுக்குப் போகும் வழியை மரக்கிடங்குத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, பலகை வேலி வைத்து அடைத்துவிட்டார். அப்பா மாடு கழுவப் போக முடியவில்லை. தவுக்கே முனிசிபல் தேர்தலில் நிற்கிறார். இந்தப் பக்கம் ரோடு வந்தது, பிழைப்பு வந்தது, எல்லாம் தன்னால் என்கிறாராம். எதிரில் நிற்கும் வக்கீலும் அதே ரோட்டைத் தான் போட்டதாகச் சொல்கிறார்.

அத்தை (அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள்): "ரெண்டு பேரும் ஒரு கூடை கல்லு சுமந்திருப்பானுங்களா?"

மார்கழி 14, திங்கள்
மழை விட்டது. செவலை மாட்டுக்குக் கால் வீக்கம், மஞ்சள் பற்று போட்டோம்.

தவுக்கேயின் கணக்கு எழுதும் கிராணியார் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, குடை. வரி கட்டும் வீட்டுக்காரர் என்பதால் அப்பாவுக்கு ஓட்டு உண்டு. மற்ற பால்காரர்களும் அப்பா சொன்னால் கேட்பார்கள்.

வறட்டி அடுக்கைப் பார்த்துவிட்டு, "இதையும் விக்கிறனீங்களோ? எங்கட வீட்டு அடுப்புக்கு ஒரு கூடை வேணும்."

அத்தை: "அது கடலுக்குப் போறது ஐயா. அதுக்குத்தான் உங்க முதலாளி வழிய அடைச்சிட்டாரே. நீங்க அடுப்புக்குக் கேக்குறீங்க."

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கிராணியார் ஒரு தாளை வாசித்தார். ரோடு போட்ட தவுக்கேக்குப் பால்காரர்கள் நன்றி, ஓட்டு அவருக்கே. நாளை எல்லாரும் கைநாட்டு வைக்கவேண்டுமாம். தாளை வைத்துவிட்டுப் போனார்.

எடுத்துப் பார்த்தேன். நடுவில் அவர் வாசிக்காத ஒரு வரி. 'கடற்கரை வழி எங்களுக்கு இனித் தேவையில்லை.'

அப்பாவிடம் சொன்னேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீயே வாசிச்சிடு தாயி. படிக்கத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

ராத்திரி தொழுவத்தில் செவலைக்கு முன்னால் வாசித்துப் பழகினேன்.

மார்கழி 15, செவ்வாய்
பால்காரர்கள் ஏழு பேர், கிராணியார், அப்பா. கதவுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். "கேக்கல பாப்பா" என்றார் ஒருவர். பாதி வெளியே வந்தேன். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி நல்லா வாசிக்கிறா" என்றார்.

நான் சண்டை வரும் என்று பயந்தேன். அப்பா சொன்னது: "ரோட்ட அவரே போட்டதா இருக்கட்டும். அந்தப் பேரு அவருக்கு. வழி எங்களுக்கு. பொங்கலுக்குள்ள திறந்துடணும்."

அத்தை: "கல்லு சுமந்தது நீ, பேரு அவனுக்கா அண்ணே?"

"பேர வச்சு மாட்டக் கழுவ முடியுமா?"

புதுத் தாளை நானே எழுதினேன்: ஓட்டு அவருக்கு, பொங்கலுக்குள் வழி எங்களுக்கு. இரண்டு பிரதி. 'ரோடு போட்டவர் தவுக்கே' என்று எழுதும்போது பேனா நின்றது. அப்பா முகத்தைப் பார்த்தேன். எழுது என்று தலையாட்டினார். மாலையில் ஒரு பிரதி தவுக்கேயின் முத்திரையோடு திரும்பி வந்தது.

மார்கழி 22, செவ்வாய்
தவுக்கே ஜெயித்தார். பட்டாசுச் சத்தத்தில் மாடுகள் மிரண்டு, பால் பாதிதான் கறந்தது. வேலி அப்படியே. வறட்டி இருபத்திரண்டு. அத்தை அப்பாவிடம் பேசுவதில்லை. ஆனால் அவர் தட்டில்தான் பெரிய மீன் துண்டு.

தை 2, வியாழன்
மாட்டுப் பொங்கல். கொம்புக்குச் சாயம்: நீலம் தீர்ந்தது, சிவப்பு மட்டும். கிணற்றுத் தண்ணீரிலேயே குளிப்பாட்டினோம். வேலி அப்படியே. நாளைக்கு எங்கே போவது? அம்மா, "ஆத்துல விட்டுடலாம்டி" என்றாள். ஆறு என்பது தோல் பதனிடும் இடத்துக்குப் பின்னால் ஓடும் கறுப்புத் தண்ணீர். நான் சாப்பிடவில்லை. பசி வந்ததும் சாப்பிட்டேன்.

மத்தியானம் டங் டங் என்று சத்தம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கிராணியார் கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, தானே ஆணி பிடுங்குகிறாராம். மூன்று பலகை எடுத்தாயிற்று. கட்டை விரலில் அடிபட்டு ரத்தம். "தவுக்கே சொன்னாரா?" என்று அத்தை கேட்டதற்கு, "முத்திரை குத்தினவர் தானே. நான் ஞாபகப்படுத்தினனான்" என்றாராம்.

அத்தை அவருக்கு மஞ்சளும் துணியும் கொண்டுபோனாள். சர்க்கரைப் பொங்கலும்.

தை 3, வெள்ளி
காற்று. சூடம் இரண்டு தரம் அணைந்தது. வாழை மட்டையில் வைத்த வறட்டிகள் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய்ப் பிரிந்தன. அப்பா இடுப்பளவு தண்ணீரில், செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு. வீக்கம் குறைந்திருக்கிறது.

அந்தத் தாளில் எழுதாதது இங்கே.

ரோட்டுப் பள்ளத்துக்கு வண்டி வண்டியாகக் கல் கொட்டியது அப்பாவும் அந்த ஏழு பால்காரர்களும். சாக்கில் கிளிஞ்சல் அள்ளிப் போட்டது அத்தை. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.