மாரிகுப்பத்தில் என்ஜினை அணைக்கச் சொன்னேன்

என் பிரியமுள்ள சூசைக்கு,

பெயர் சொல்லி எழுதிவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தவரை "இங்க பாருங்க" என்பதுதான் நான் உங்களுக்கு வைத்திருந்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் ஞானஸ்நானப் பெயரையே எடுத்துக்கொண்டேன். கோபமா?

இந்தக் கடிதம் நம் பங்கின் மாத இதழில் வரும். பெங்களூர் காக்ஸ் டவுனில் பாதிப் பேர் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நான் பேசிய ஒரு பேச்சுக்கு நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் வேன்.

வேன் நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் மற்றதை ஆரம்பித்தால் நீங்கள் எதையும் காதில் வாங்க மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என் வருஷப் பூசைக்கு எல்லாரும் நம்ம வண்டியிலயே வாங்க, ரோஸி. எட்டுப் பேரும். ரெண்டா பிரிஞ்சி வராதீங்க." கல்லறைத் திருநாள் தவறாமல் எங்கள் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு, கோலார் தங்கவயலில் உங்கள் அப்பா அம்மா கல்லறைக்குப் போய்வந்தவர் நீங்கள். இந்த முறை நீங்களும் அங்கேயே இருக்கிறீர்கள். ஓட்டுநர் இருக்கை மட்டும் நம் மகன் அல்போன்ஸுக்கு மாறியது. நான் சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகு நான் எதையும் மாற்றிக்கொண்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பூசைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வேனுக்குப் பெயிண்ட் அடித்தேன். வெளியே மட்டும் அடித்துவிட்டு வருவதற்கா நான்? கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் மார்க் போடுவார். உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரி இருக்க வேண்டும். சீட்டுகளைக் கழற்றச் சொன்னேன். அடியில் நீங்கள் வருஷக்கணக்காக விட்டுவைத்திருந்த துரு, அழுக்கு, கீறல் எல்லாவற்றையும் தேய்த்து, போல்ட்டுகளைக் கழற்றி, அடியிலும் பூசச் சொன்னேன். பெயிண்டர் என்னைப் பார்த்தார். "உள்ள யாரு மேடம் பாக்கப் போறாங்க?" என்றார். "நான் பாப்பேன்" என்றேன். பார்க்கவும் பார்த்தேன். வெள்ளை உடுத்தி முதல் நற்கருணைக்குப் போகும் பிள்ளை மாதிரி இருந்தது வண்டி.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, சாவியைத் திருகினால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஹாரன் சளி பிடித்த மாதிரி முனகியது.

நயாஸ் பாய்தான் வந்தார். வேறு யாரைக் கூப்பிடுவேன்? சனிக்கிழமை தோறும் அவருடைய ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, சுரங்கத்தில் நீங்கள் எலக்ட்ரீஷியனாக இருந்த கதைகளை அவருக்குச் சொன்னீர்கள். அவர் பேட்டரியை ஒரு பார்வை பார்த்தார். "வயசாயிடுச்சி மேடம். டவுனு." புதிது போட்டார். பத்து நாளில் அதுவும் படுத்தது.

"என்ன நயாஸ், புது பேட்டரிக்கும் வயசாயிடுச்சா?"

அவர் சிரித்தார். டைனமோவைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதற்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷை மாற்றிக்கொண்டு வந்தார். மாட்டும்போது ஒன்று கேட்டார். "நடுவுல வண்டில எதுனா வேல நடந்துச்சா மேடம்? யாராச்சும் கை வெச்சாங்களா?"

"யாரும் கை வைக்கல. ஒரு வேலையும் நடக்கல."

வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பெயிண்ட் அடிப்பது எனக்கு வேலையாகவே தோன்றவில்லை, சூசை. சட்டையைத் துவைத்துப் போட்டால் யாராவது அதைச் சிகிச்சை என்று சொல்வார்களா?

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் வேன் நின்றுவிட்டது. பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரம். சலவைச் சட்டை போட்ட ஆறு ஆண்கள் பின்னாலிருந்து தள்ள, நான் முன்னால் உட்கார்ந்து வந்தேன். அந்த அவமானத்தை அப்படியே தூக்கிக்கொண்டு, மறுநாள் காலை நேராக நயாஸ் கடைக்குப் போனேன். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பக்கத்து டீக்கடையிலும் ஆட்கள் நின்றார்கள்.

"நான் முப்பது வருஷம் சயின்ஸ் சொல்லிக்குடுத்தவ. ஊகிச்சு எழுதற பிள்ளைக்கு முட்டைதான் போடுவேன். முதல்ல பேட்டரின்னீங்க, அப்புறம் டைனமோன்னீங்க. என் வீட்டுக்காரர ஏமாத்தின மாதிரி என்னை ஏமாத்த முடியாது."

நயாஸ் கையைத் துணியில் துடைத்தார். பிறகு மெதுவாக, "சார் இருந்தா இப்டி ஒரு வார்த்த வந்திருக்காது மேடம்" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அன்று மாலை அல்போன்ஸ் வந்தான். "மம்மி, வித்துடலாம். சனிக்கிழமை பாக்க ஆள் வராங்க. பூசைக்கு ரெண்டு கேப் புக் பண்ணா முடிஞ்சிச்சி. டாடி ஒண்ணும் கோச்சிக்க மாட்டார்."

"உங்க டாடி கோச்சிக்க மாட்டார். நான் கோச்சிக்குவேன். சனிக்கிழமை வரைக்கும் வண்டி என்னுது."

மறுநாள் உங்கள் கருவிப் பெட்டியிலிருந்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். நயாஸிடம் "ஊகிக்காதே" என்று சத்தம் போட்டவள், தானே அளக்காமல் இருந்தால் அது என்ன நியாயம்? ஷீலாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். நம் மருமகளை உங்களுக்குத் தெரியும், எதையும் சிரித்துக்கொண்டே செய்வாள். இடதுபக்க முன்சீட்டை மடக்கினால் என்ஜினும் பேட்டரியும் தெரியுமே, அங்கே நான் முழங்காலிட்டேன்.

"அத்தை, ஷாக் அடிக்காதா?"

"பன்னெண்டு வோல்ட்டுக்கு யாரும் செத்ததில்லை. நம்பரை எழுதிக்கோ."

"ஜெபம் பண்ற மாதிரியே இருக்கீங்க அத்தை."

"ரெண்டும்தான். எழுது."

பக்கத்து வண்டியிலிருந்து வயர் போட்டு என்ஜினை எழுப்பினோம். ஓடும்போது பேட்டரியில் பதினாலு வோல்ட் காட்ட வேண்டும். பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. மீட்டரை டைனமோவிலேயே வைத்துப் பார்த்தேன். பதினாலுக்கு மேலேயே காட்டியது. அப்படியென்றால் டைனமோ ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. நயாஸ் மாற்றிய பிரஷ்ஷும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மின்சாரம் பிறக்கிறது, ஆனால் பேட்டரிக்கு முழுசாக வந்து சேரவில்லை. எங்கே போகிறது?

டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரைப் பார்த்தேன். குறையில்லை. அப்போதுதான் ஏழாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் கரும்பலகையில் வரைந்த படம் ஞாபகம் வந்தது. மின்சாரம் போக ஒரு வழி இருந்தால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். வண்டியில் திரும்பி வரும் வழிக்குத் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் அந்த வழி. என்ஜினிலிருந்து ஒன்று, பேட்டரியிலிருந்து ஒன்று என்று வரும் தடித்த எர்த் வயர்கள் அந்த உடம்பைத் தொட்டால்தான் வழி முழுசாகும். பேட்டரியின் வயரை உடம்போடு சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். மீட்டரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட் நின்றது.

டார்ச் அடித்து அந்த போல்ட்டைப் பார்த்தேன். அதைச் சுற்றி, அதற்கு அடியில், பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட்.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு நீங்கள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, வாசலின் தடவி வைத்திருந்த வெற்று இரும்பு. அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. "வெள்ளைச் சட்டையில ஓட்டை மாதிரி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "அது அப்படித்தான் இருக்கணும், ரோஸி" என்பீர்கள். ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் நடுவே பெயிண்டைப் பூசச் சொன்னது சயின்ஸ் டீச்சர்.

வேனின் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஷீலா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "பெயிண்டரத்தான் கேக்கணும் அத்தை" என்றாள்.

எவ்வளவு சுலபமான வழி. அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ, அவருக்குத் தெரியவா போகிறது?

"இல்லம்மா. அவர் வேணாம்னுதான் சொன்னார். கழட்டிட்டு அடியிலயும் அடிங்கன்னு நின்னு சொன்னது நான்."

உப்புத்தாள் கையில் இருந்தது. நானே தேய்த்திருக்கலாம். ஆனால் அந்த போல்ட்டை நயாஸ்தான் கழற்ற வேண்டும் என்று தோன்றியது. புடவையில் ஒட்டியிருந்த கிரீஸோடு அப்படியே நடந்துபோனேன். கடையில் அன்று இருந்தவர்களில் சிலர் அன்றும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

"நயாஸ், நீங்க கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னேன். வேலை நடந்துச்சு. நான்தான் எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் அடிக்க வெச்சேன். டைனமோ நல்லா இருக்கு. என் வீட்டுக்காரரப் பத்திச் சொன்னதும் தப்பு. நீங்க அவர ஏமாத்தல."

நயாஸ் என் புடவையிலிருந்த கிரீஸைப் பார்த்தார். "எப்டி கண்டுபிடிச்சீங்க?"

"அளந்தேன்."

"அளந்தீங்களா." அவர் தலையைச் சொறிந்தார். "பர்வால்ல மேடம். நானும் அளக்காமதான் பேட்ரி மாத்துனேன். உங்க கணக்குல ரெண்டு பேருக்குமே முட்டைதான்."

டீக்கடையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு தெருவில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் வந்து போல்ட்டைக் கழற்றி, தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினார். "சார் இந்த எடத்த மாசாமாசம் தொடச்சி வெப்பார், தெரியுமா?" என்றார். தெரியாது. மீட்டரை என்னிடமே கொடுத்து, "நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார். பதினாலு புள்ளி இரண்டு. மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமை அல்போன்ஸ் வந்து, வண்டியை நாலு தடவை அணைத்து நாலு தடவை கிளப்பிப் பார்த்தான். "அந்த ஆளுக்கு ஃபோன் போட்டு வர வேணாம்னு சொல்லிட்டேன் மம்மி" என்றான். வாசலில் நின்று ஒரு தடவை ஹாரனும் அடித்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. உங்கள் மகன்தான், சந்தேகமில்லை.

போன வாரம் வந்தோமே, பார்த்தீர்களா? எட்டுப் பேரும், ஒரே வண்டியில். பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு தெரிந்ததும் எல்லாரும் தானாக அமைதியானார்கள். தங்கவயல் மாரிகுப்பம் கல்லறை வாசலில் அல்போன்ஸ் வண்டியை நிறுத்தினான், என்ஜினை மட்டும் ஓடவிட்டான். பழைய பயம்.

"ஓடட்டும் மம்மி. ஜெபத்த முடிச்சிட்டு சீக்கிரம் வந்துடலாம்."

"அணை" என்றேன்.

"இங்க நின்னுடுச்சின்னா தள்ளறதுக்குக் கூட ஆள் இல்ல."

"அணைடா. உங்க டாடி கேக்கணும்."

அணைத்தான். உங்கள் பக்கத்தில் நின்று முழுச் செபமாலையும் சொன்னோம், ஒரு மணியைக்கூடத் தாண்டவில்லை. யாரும் அவசரப்படவில்லை. நான் அவசரப்படவிடவில்லை. பூவை வைத்துவிட்டு எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். நான் மட்டும் ஏறவில்லை. உங்கள் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, கையைத் தூக்கிச் சைகை காட்டினேன்.

சாவியைத் திருகிய அதே நொடியில் பிடித்துக்கொண்டது. இழுவையில்லை, முனகல் இல்லை. உங்களுக்குக் கேட்டதா? உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் அங்கே நின்றேன்.

பெருமையாக இருந்தது, சூசை. வண்டியை நினைத்து, பிள்ளைகளை நினைத்து, என்னை நினைத்தும்தான். ஆனால் எல்லாவற்றையும்விட, எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் அந்த ஒரு நாணய அகலத்தை இத்தனை வருஷமும் எனக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த உங்களை நினைத்து.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நயாஸ் நேர்மையானவர். அவரைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த போல்ட்டைச் சுற்றி இனி ஒரு சொட்டு வெள்ளை விழாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நானே சீட்டை மடக்கி, முழங்காலிட்டு, துடைத்து வாசலின் தடவுகிறேன். என்னால் முழங்காலிட முடியாத நாள் வந்தால், அது ஏன் வெறும் இரும்பாகவே இருக்க வேண்டும் என்பதை, நீங்கள் செய்த மாதிரி விட்டுவிடாமல், காரணத்தோடு ஷீலாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வருவேன். அதுவும் இதே வண்டியில்.

உங்கள் மனைவி,
அல்போன்ஸின் தாய்,
ரோஸ்லின்