புதிதாக வரும் உயிர்

என் அன்புக் கோபக்காரிக்கு,

நான் ஆசிரமத்துக்கு வந்த இந்த இரண்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று நேற்று உன் தங்கை போனில் சொன்னதும், ஆசிரமம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். பற்றை அறுக்க வந்தவன் படிகளில் தாவித் தாவி ஏறியதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

என் அறையில் தங்கியிருக்கும் பல் டாக்டரைக் கட்டிப்பிடித்து, "என் பொண்ணு திரும்பி வர்றா சார்!" என்றேன்.

அவர் விழித்தார். "செத்துப்போன பொண்ணுக்கு இனி பிறவியே வேணாம்னு தினமும் அழுதழுது வேண்டினீங்களே? இப்ப இப்படிச் சொன்னா எப்படி சார்?"

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பட்டதெல்லாம் போதும், எந்த வினையானாலும் அதோடு தீரட்டும் என்றுதானே வேண்டினேன்? அவளை மறுபடி பிடித்து இழுப்பது என் ஆசைதான்.

விக்கி விக்கி அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாகிவிட்டது! அவள் விடுதலையாகப் போகட்டும். வருவது வேறொரு உயிர். அதற்கென்று ஒரு முகம், ஒரு பிடிவாதம் இருக்கும். அக்காவின் பேரை அதற்கு வைக்க வேண்டாம். அவளைப் போலவே சிரிக்கிறதா என்று நான் உற்றுப் பார்த்தால், அழுத்திக் கிள்ளிவிடு.

இந்தக் கடிதத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருப்பேன். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வை. புதிதாக ஒரு பேரும் யோசித்து வை.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா