நான் வெட்டிக் கொடுத்த அரை வசனம்

உம்முடைய கண்ணாடிக் கூட்டை உம் வீட்டம்மா நேற்றுக் கொண்டுவந்து தந்தார். திறந்தால் தைல வாசனை. கண்ணாடிக்கு அடியில் ஒரு நீல அட்டை, ஓரம் நைந்து, இரண்டாக மடிந்து கிடந்தது. என் கையெழுத்து.

"நீங்க எழுதுனதுல்லா சார், நீங்களே வச்சுக்கிடுங்க. வேதத்தையும் எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்" என்றார். போகிறவர் வாசலில் நின்று கேட்டார்: "சொன்னத ஏன் சார் கர்த்தர் செய்யல?"

"தெரியலம்மா" என்றேன். அது பொய். அவரிடம் சொல்லத் தைரியமில்லாமல்தான் இதை உமக்கு எழுதுகிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்ட, ஆளுக்கொன்று எடுத்து அந்த வருடத்துக்குக் கர்த்தர் தந்த வாக்காக வைத்துக்கொள்ளும் வாக்குத்தத்த அட்டைகளை எத்தனையோ வருடமாக எழுதிக் கொடுப்பது நான்தான். வேதத்தை வரிசையாகப் புரட்டி, ஆசீர்வாதமான வரிகளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். சில நேரம் வசனத்தின் நடுவிலிருந்தே இனிப்பான பாதியை மட்டும் எடுப்பேன். எச்சரிக்கையை எழுதமாட்டேன். "ஆனால்" என்று தொடங்குகிற பாதியை எழுதமாட்டேன். புத்தாண்டும் அதுவுமாக யார் மனத்தையும் நோகடிக்க எனக்குப் பயம்.

இந்த ஜனவரியில் உமக்கு வந்தது, ஆயுள் கூட்டித் தரப்படும் என்னும் வரி.

சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்த காலை அது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும் வழியில் மேலகரத்தில் டீக்கடையில் உட்கார்ந்தோம். குடலில் கட்டி இருக்கிறது, உடனே அறுத்து எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை, பஸ் வர நேரமாகும் என்பதுபோல் சொன்னீர். நான் பதறினேன். நீர் அட்டை இருந்த சட்டைப்பையைத் தட்டிக் காட்டினீர்.

"ஓய் வாத்தியாரே, கர்த்தரே ஆயுசக் கூட்டித் தாரேன்னு சொல்லுதாரு. நீரு கணக்கு வாத்தியாருல்லா, கூட்டிப் பாரும். இனிமே போய்க் கத்திய வச்சா அவர நம்பலன்னுல்லா ஆகும்?"

"அதுக்கில்ல ஓய்…"

"பின்ன எதுக்காம்? டீயக் குடியும், ஆறுது."

குடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த வரி யாருக்குச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும். சாகக் கிடந்த ஓர் அரசனுக்கு, அவன் அழுத ஒரு நாளில் சொன்னது. உமக்குச் சொன்னதல்ல. அதே அதிகாரத்தில் சற்றுக் கீழே, அவன் புண்ணின்மேல் அத்திப்பழ அடையை வைத்தார்கள், அவன் பிழைத்தான் என்று இருக்கிறது. வாக்குப் பெற்றவனுக்கும் மருந்து வைத்தார்கள். நோட்டில் குறிக்கும்போது அதையும் வாசித்தேன். அட்டையில் இடமில்லை என்று விட்டேன். அடியில் அதிகார எண் போட்டிருந்தேன். நீர் எடுத்துப் பார்க்கவில்லை. பாரும் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். உம் விசுவாசத்தைக் குலைத்துவிடுவேனோ என்று தயங்கினேன். அதுவும் சாக்குத்தான். நீர் சிரித்துவிடுவீரோ என்று பயந்தேன்.

விடையை மட்டும் எழுதிய தாளுக்குப் பள்ளியில் நான் மதிப்பெண் போட்டதேயில்லை. இது எதிலிருந்து வந்தது, மேல்வரி எங்கே என்று கேட்பேன். வேதத்தில் மட்டும் அதைக் கேட்கவில்லை. யார் யாரிடம் சொன்னது, அதற்கு முன் என்ன, பின் என்ன என்று பார்த்து வாசித்தால் அது வேறு புத்தகம். நான் அதை வெட்டி வெட்டி மிட்டாய் ஆக்கினேன்.

கத்தி வைக்காமலே அக்டோபர் கடைசியில் போய்விட்டீர். கர்த்தர் உமக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. அவர் கொடுக்கவேயில்லை. கொடுத்தது நான்.

வரும் வருடத்துக்கான அட்டைத்தாளும் வந்துவிட்டது. முழுப் பகுதியாக அச்சடித்துக் கொடுக்கலாமா என்று போதகரிடம் கேட்டேன். "அவ்வளவையும் யாரு சார் வாசிக்கப் போறா? எல்லாரும் கார்டத்தான கேக்காவ" என்றார். சரி என்றேன். வெட்டி எழுதியும் வைத்துவிட்டேன். உம் வரியை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும், முழு அதிகாரத்தையும் வாசிக்கவும் என்று குறித்தேன். பென்சிலில், பொடி எழுத்தில். பேனாவை எடுக்கக் கை வரவில்லை. யார் கண்ணிலும் படாது.

உம் அட்டை இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. நீர் போனதிலிருந்து தினமும் காலையில் அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கிறேன், அன்று டீக்கடையில் உமக்கு வாசித்திருக்க வேண்டியதுபோல். அத்திப்பழ அடை வந்ததும் நிறுத்திவிடுகிறேன். நீர் எழுந்து டாக்டரிடம் கிளம்புவீர் என்பதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.